பச்சைச் சூரியன் எந்த வருஷம்

என் வீட்டுக்காரர் பிரான்சில் ஐஸ் அறுக்கிறார். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் முதலில் சிரிப்பார்கள். பிறகு, மீன் மார்க்கெட்டுக்கா, கல்யாண வீட்டுக்கா என்று கேட்பார்கள். இரண்டுக்கும் இல்லை, படிக்கிறதுக்கு என்றால், "ஐஸ வெச்சிகினு இன்னாத்தப் படிக்கிறது?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். கல்யாணமான புதிதில் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. என் அப்பா மட்டும் பாகூரில் எல்லோரிடமும் மாப்பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம் என்று சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லை. பிரெஞ்சு சர்க்கார்தான் சம்பளம் தருகிறது.

வேலை இதுதான். தென் துருவத்திலும், வடக்கே கிரீன்லாந்து என்ற இடத்திலும், ஆயிரக்கணக்கான வருஷமாக விழுந்த பனி கரையாமல் ஒன்றின்மேல் ஒன்றாக இறுகிக் கிடக்கிறது. நம் ஊரில் போர் போடுகிற மாதிரி அதில் குழாயை இறக்கி, உருளை உருளையாக ஐஸை எடுத்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். கிரனோபிள் என்ற ஊரில், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் குளிர் அறையில், கரடி மாதிரி உடுத்திக்கொண்டு என் வீட்டுக்காரர் யாகப்பன் அதை ரம்பத்தால் துண்டு போடுகிறார். கை படாத நடுப்பகுதியை மட்டும் எடுத்துக் கொடுத்தால், படித்தவர்கள் அதை உருக்கி எவ்வளவு புளிப்பு இருக்கிறது என்று கருவியில் பார்ப்பார்கள்.

எங்கேயோ ஓர் எரிமலை பெரிதாக வெடித்தால், அதன் கந்தகப் புகை வானத்தில் ஏறி உலகத்தைச் சுற்றி, ஓரிரு வருஷம் கழித்துப் பனியோடு பனியாகத் துருவத்தில் இறங்குமாம். அந்தப் பனி மட்டும் புளிக்கும். கருவியின் ஊசி அந்த இடத்தில் குதிக்கும். மேலேயிருந்து அடுக்குகளைக் கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கினால், எந்தக் காலத்தில் எந்த மலை வெடித்தது என்று சொல்லிவிடலாம். இதை அவர் எனக்குப் புரிய வைக்க ஒரு குளிர்காலம் முழுவதும் ஆயிற்று. எனக்கு மூளை இல்லாமல் இல்லை. அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்தப் பிரஜா உரிமையில்தான் இவரும் பட்டாளம் போய், அங்கிருந்து இந்த வேலைக்கு வந்தார். ஊர், வில்லியனூருக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றைத் தாண்டி. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நிறைந்த ஊர். பெண்ணுக்கா அங்கே பஞ்சம்? அப்படியிருக்க எதற்காக பாகூர் வரைக்கும் வந்து என்னைக் கட்டினார்கள் என்று நான் யோசிக்கவில்லை. பாகூர்ப் பெண்கள் அழகு என்று வந்திருப்பார்கள் போல என்று பெருமையாக இருந்துவிட்டேன். விஷயம் கல்யாணம் முடிந்து முதல் செப்டம்பரில்தான் தெரிந்தது.

செப்டம்பர் எட்டு மாதா பிறந்த நாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரில் சப்பரம். மாதா சுரூபத்தை வைத்துத் தோளில் தூக்கி வருவார்கள். ரைஸ் மில் திருப்பம் வந்ததும் சப்பரத்தைத் தாங்கு கட்டைகளில் நிறுத்துவார்கள். மேளம் நிற்கும். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் போய், ஊர் பார்க்க, மண்ணில் முழந்தாளிட்டு, தரையை முத்தமிட்டு, "பொறுத்துக்கோ தாயே" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சப்பரம் நகரும். அந்த வருஷம் என் மாமியார் மதலேனாள் போய் முழந்தாளிட்டார். நான் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து, நானும் முழந்தாள் போடட்டுமா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரருடைய அப்பாவுக்குத் தாத்தா பெயர் ஆரோக்கியம். அவர் சப்பரத்தின் வலது முன்தண்டு தூக்கியவர். ஊரிலேயே பெரிய மரியாதை அதுதான். ஒரு வருஷம் அந்தத் திருப்பத்தில் அவர் கால் இடறி, மாதா கீழே விழுந்து, கை ஒடிந்துவிட்டது. அன்றோடு முன்தண்டு வேறு வீட்டுக்குப் போயிற்று. எங்களுக்கு 'மாதாவைப் போட்டவங்க வூடு' என்று பெயர் வந்தது. உள்ளூரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். பாகூர்க்காரிக்கு அழகாம், அழகு! எனக்கு வந்த கோபத்தில் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

மாமனார் இறந்து, மாமியாருக்கு முட்டி வலி வந்த பிறகு அந்த வேலை என் நாத்தனார் ஆரோக்கிய செல்வி தலையில் விழுந்தது. நாங்கள் பிரான்சில் இருக்கிறோம். வருஷா வருஷம் சப்பரம் வரும்போது செல்விதான் போய் விழுந்து எழுந்தாள். சேதராப்பட்டில் புதிதாக வந்த ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். சொந்தச் சம்பளம், சொந்த சைக்கிள். லீவில் வரும் வருஷங்களில் அவளை அந்த மண்ணில் பார்க்க எனக்குப் பொறுக்காது.

1983 ஆகஸ்டில் லீவில் வந்தபோது செல்வி எங்களிடம் நேராகவே சொன்னாள். அதே தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற தனிஸ்லாஸைப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் பிடித்திருக்கிறது, அண்ணன் போய்ப் பேச வேண்டும். தனிஸ்லாஸ் நல்ல பையன்தான். ஆனால் அவன் அப்பா இன்னாசி. இப்போது வலது முன்தண்டு தூக்குகிறவர். ஆரோக்கியம் கையிலிருந்து தண்டு போய்ச் சேர்ந்ததே அந்த வீட்டுக்குத்தான்.

"வேற ஆளே கெடைக்கலியா ஒனுக்கு?" என்றேன்.

"கெடச்சா சொல்லமாட்டனா அண்ணி?" என்றாள்.

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு நானும் அவரும் போனோம். இன்னாசி மாமா கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு, கலர் வாங்கி வரச் சொல்லி, பிரான்சில் குளிர் எப்படி என்று விசாரித்தார். தட்டை மட்டும் தொடவில்லை.

"யாகப்பா, பொண்ணுல ஒரு கொற சொல்ல மாட்டேன். எனுக்கும் புடிக்குது. ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குதுல்ல? போன வருசம் மழ இல்ல. ஆத்துல மணலு பறக்குது. இந்த வருசமும் ஏமாத்திடுச்சின்னா யாரச் சொல்வாங்க? மாதாவப் போட்ட வூட்டுல பொண்ணெடுத்தான் இன்னாசி, அதான்னு சொல்வாங்க. சொல்லுவாங்களா, மாட்டாங்களா?"

"மழைக்கும் எங்க வூட்டுக்கும் இன்னா மாமா சம்மந்தம்?" என்றார் இவர்.

"ஏன், ஒங்கப்பன் சொன்னதில்லியா? ஒங்க பாட்டன் குடிச்சிட்டுத் தூக்கினான். மாதா வுழுந்தா. அன்னிக்குச் சாயங்காலமே சூரியன் பச்சையாயிடுச்சி. அஞ்சாறு நாளு பச்சையாவே இருந்துச்சாம். அதுக்கப்பறந்தான் தாது வருசப் பஞ்சம். ஊருல பாதி செத்துது. எங்க தாத்தா சொல்லக் கேட்டுருக்கேன்."

என் வீட்டுக்காரர் கலர் பாட்டிலைக் கீழே வைத்தார். விழுந்த கதையையே அந்த வீட்டில் வாய் விட்டுப் பேசமாட்டார்கள். சூரியன் வரைக்கும் யார் போவது? அவர் அன்றைக்குத்தான் அதைக் கேட்கிறார்.

"இன்னா சொன்னீங்க? பச்சையா?"

"பச்சை. வாழ எல மாதிரி."

"மாமா, அது எண்பத்தி மூணு!" என்று இவர் எழுந்தே விட்டார். "ஆயிரத்து எட்டுநூத்தி எண்பத்தி மூணு. ஜாவா பக்கத்துல கடலுக்குள்ள ஒரு மல வெடிச்சிது. அந்தப் பொக நம்ம பக்கம் வந்தப்போ மதராஸ்ல சூரியன் பச்சையா தெரிஞ்சிதுன்னு வெள்ளைக்காரன் எழுதி வெச்சிருக்கான். எங்க ஆராய்ச்சிக்கூடத்துப் பெரிய முசியே எனுக்குச் சொல்லியிருக்காரு. அந்த வருசத்துப் புளிப்பு ஐஸுல இருக்குது. அந்தத் துண்ட நானே என் கையால அறுத்தேன்."

"அந்த ஐஸு எங்கேந்து வந்துது?"

"தென் துருவத்துலேந்து."

"அதுக்கு வில்லியனூரு தெரியுமா?" என்றார் இன்னாசி மாமா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை. தாது வருஷம் என்பது எழுபத்தாறு, சூரியன் பச்சையானது எண்பத்து மூன்று, பஞ்சம் வந்து போய் அஞ்சாறு வருஷம் கழித்து நடந்தது எப்படி பஞ்சத்தைக் கொண்டு வரும் என்று விரலை விட்டு எண்ணிக் காட்டினார். தாது வருஷத்து ஐஸில் அந்த மாதிரிப் புளிப்பே இல்லை என்றார். நன்றாகத்தான் பேசினார். இன்னாசி மாமா தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி போட்டார்.

"அடுக்க எண்றீங்களே, எண்ணும்போது தப்பே வராதா?"

வராது என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் யோசித்து, "ரெண்டு மூணு வருசம் முன்னப்பின்ன போவும்" என்றார்.

"பாத்தியா! இன்னும் ரெண்டு மூணு சேத்துத் தள்ளுனா தாது வருசத்துக்கு வந்துடும்."

"அப்படித் தள்ள முடியாது மாமா. சரி, வருசத்த வுடுங்க. பச்சையா ஒரு சூரியன் எறங்குனா எவன் தரையப் பாத்து நடப்பான்? மேல பாத்திருப்பாரு. கால் எடறியிருக்கும். அவுரு போட்டதால சூரியன் பச்சையாவல. சூரியன் பச்சையானதாலதான் அவுரு போட்டாரு."

"குடிச்சவனுக்கு மேல இன்னா, கீழ இன்னா," என்று இன்னாசி மாமா எழுந்துகொண்டார். "பழத்த எடுத்துக்கினு போங்க. கோச்சிக்காதீங்க."

வழியெல்லாம் நான் அவரைப் பிடித்துத் திட்டினேன். இரண்டு மூன்று வருஷம் முன்னேபின்னே என்று யார் கேட்டார்கள்? ஊரில் நிலத்துக்குப் பத்திரம் எழுதும்போதுகூட அவ்வளவு உண்மை பேசுகிறவர் கிடையாது. ஆற்றுப் பாலத்தருகே வந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"ஞானம், அந்தத் துண்ட அறுத்தப்ப எனுக்குத் தெரியல. பத்தோட பதினொண்ணுன்னு அறுத்து டப்பாவுல போட்டேன். எங்க பாட்டன் மேல பாத்தாரே ஒரு வானம், அதுதான் கையில இருந்துதுன்னு தெரிஞ்சிருந்தா, கொஞ்சம் நின்னிருப்பேன்."

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

வீட்டில் செல்வி எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அழவில்லை. தட்டிலிருந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்துத் தின்றுவிட்டு ஷிப்டுக்குப் புறப்பட்டுப் போனாள். மதலேனாள் அத்தைதான், "வுடுடா யாகப்பா, எங்களுக்கு முட்டி பழகிப்போச்சி" என்றார். அதைக் கேட்டதும் இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஊரில் ஒருவர் விடாமல் பிடித்து ஐஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டீக்கடையில் இவரைக் கண்டாலே ஆட்கள் டம்ளரோடு நகர்ந்தார்கள்.

ஒரு நாள் மட்டும் காரியம் நடந்தது. திருவிழாவுக்காகக் கோயில் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயர்ந்து விழுந்த ஒரு சில்லை இவர் கையில் எடுத்து, அதன் ஓரத்தைக் காட்டினார். வருஷத்துக்கு ஒரு பூச்சாக அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. நடுவில் ஒரு கோடு மட்டும் நீலம்.

"இது இன்னா?" என்று கேட்டார்.

"அது நம்ம பவுலு நீலத்த அள்ளிக் கொட்டின வருசம்," என்றார் சுண்ணாம்பு அடிக்கிறவர். "கோயிலே போலீஸ் ஸ்டேசன் மாதிரி இருந்துது."

"அந்த வருசத்தக் கண்டுபுடிக்க முடியுமா?"

"மேலேந்து எண்ணுனா வந்துடாது?"

"நான் பண்றதும் அதாம்ப்பா!" என்றார் இவர். அன்றைக்கு ஊரில் பாதிப் பேருக்குப் புரிந்தது. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். நீ சொல்றது சரியா இருக்கலாம், இன்னாசி ஒத்துக்கணுமே.

சப்பரத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, பெண்கள் கோயிலைக் கழுவிவிடுகிற முறை. நானும் செல்வியும் சுரூபத்தைத் துடைக்க உட்கார்ந்தோம். எனக்கு அத்தனை பக்கத்தில் மாதாவைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வலது மணிக்கட்டில் ஒடிந்த கையை ஒட்டவைத்த கோடு வர்ணத்துக்கு அடியில் தடிப்பாகத் தெரிந்தது. செல்வி அந்த இடத்தை மட்டும் துணி படாமல் விட்டுவிட்டுத் துடைத்தாள்.

"எவ்ளோ அழகு," என்றேன். "இத எப்போ வாங்குனாங்க?"

"ஏன் அண்ணி, வருசா வருசம் சப்பரம் தூக்கும்போது சொல்றாங்களே. கேட்டதில்ல?"

கேட்டதில்லை. சப்பரம் எழும்புவதற்கு முன் முன்தண்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்து மாதா வந்த கதையைச் சத்தமாகச் சொல்லுவார். அது முறை. ஆனால் மேளமும் வெடியும் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். உதடு அசைவது தெரியும். கடைசியில் 'தூக்குங்கடா' மட்டும் காதில் விழும்.

ஊரில் பிறந்தவள் ஆகையால் செல்விக்கு அது மனப்பாடம். துணியைப் பிழிந்துகொண்டே பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "தாது வருசப் பஞ்சத்துல மாடு செத்து மனுசன் செத்து, மிச்சம் பொழச்ச வூட்டுக்காரங்க, மழ வந்ததும் நேந்துகினு, சீமையிலேந்து எறக்கின தாயி இவ. இவளத் தூக்குற தோளு கூனாது. தூக்குங்கடா!"

"இன்னொரு தடவ சொல்லு," என்றேன்.

சொன்னாள்.

"செல்வி, பஞ்சம் முடிஞ்சி மழ வந்தப்பறம் வாங்குன மாதாவா இது?"

"ஆமா."

"கை ஒடிஞ்சது இந்த மாதாவுக்குத்தானே? நீ இப்ப தொடாம வுட்டியே, இந்தக் கைதானே?"

"ஆமா அண்ணி."

"அப்போ பஞ்சத்துக்கு முன்னாடி ஒங்க பாட்டன் கீழ போட்டது யாரடி?"

செல்வி துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். கோயிலைக் கழுவுகிற பெண்கள் அந்தப் பக்கம் வாளியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நூறு வருஷமாக ஓர் ஊரே ஒரு கதையைத் திருவிழாவில் மேளத்தோடு சொல்கிறது, இன்னொரு கதையைச் சம்பந்தம் பேசும்போது தாழ்ந்த குரலில் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் யாரும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் எழுபத்தாறு, எண்பத்து மூன்று என்று என் காதைத் துளைத்திருக்காவிட்டால் எனக்கும் தோன்றியிருக்காது.

செல்வி சிரிக்கவில்லை. முகம் சிவந்து, தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "எங்கம்மா முட்டி தேய்ஞ்சி போச்சி அண்ணி," என்றாள். "எங்கம்மா முட்டி தேய்ஞ்சி போச்சி."

விஷயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாளைக்குச் சப்பரம் தூக்கும்போது ஊர் நடுவில் நின்று கேட்டுவிடப் போகிறாராம். இன்னாசி வாயாலேயே சொல்ல வைத்து, அதே வாயால் மன்னிப்புக் கேட்க வைக்கப் போகிறாராம். செல்வி குறுக்கே வந்து நின்றாள்.

"வேணாண்ணா. அவுர ஊரு நடுவுல நிக்க வெச்சி நீ ஜெயிச்சிட்டுப் பிரான்சுக்குப் போயிடுவ. நான் அந்த வூட்டுல சோறு போட்டுக்கினு இருக்கணும்."

"அப்போ இன்னாதான் பண்ணணும்ன்ற?"

அவளுக்கும் தெரியவில்லை. தனிஸ்லாஸை விட்டு அப்பாவிடம் சொல்லச் சொல்லலாம் என்றால், அவன் அப்பா எதிரில் நின்று தண்ணீர் குடிக்கவே யோசிக்கிறவன். கடைசியில் நான்தான் போனேன். என்ன பேசப் போகிறேன் என்று போகும்போது எனக்கே தெரியாது.

இன்னாசி மாமா கோயிலுக்குப் பின்னால் முன்தண்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தோள் படுகிற இடத்தில் மரம் குழிந்து பளபளப்பாக இருந்தது. அவர் விரல் அந்தக் குழியையே சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சண்டை போடும் எண்ணம் போய்விட்டது. அந்த மனிதருக்கும் இழக்க ஒன்று இருக்கிறது.

"இன்னா பாகூர்க்காரி, பஞ்சாயத்துக்கு வந்தியா?" என்றார் தலையை நிமிர்த்தாமல்.

"இல்ல மாமா. ஒண்ணு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். தூக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு கத சொல்றீங்களே, நாலஞ்சு திருநாளு பாத்துட்டேன், மோளத்துல ஒரு வார்த்தகூடக் காதுல வுழுந்ததில்ல. நாளைக்கு மோளத்த நிறுத்தச் சொல்லிட்டு மெதுவா சொல்லுங்களேன். வெளியூர்க்காரி எனுக்கும் புரியட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மனிதருக்கு உள்ளூர சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை போலிருக்கிறது. "அதுக்கு இன்னா, சொல்லிட்டாப் போவுது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் தணிந்து, கோயில் வாசலில் கூட்டம் நின்றது. வாழைமரமும் கதிர்க்கட்டுமாகச் சப்பரம் தயாராக இருந்தது. போன வருஷம் விளையாததால் கதிர் கரையாம்புத்தூரிலிருந்து வாங்கி வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். இன்னாசி மாமா வலது முன்தண்டு பக்கம் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தனிஸ்லாஸ். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தால் நான் பாகூருக்கே போய்விடுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன். செல்வி அங்கே இல்லை. முழந்தாளிடப் பாயும் கீயும் விரிக்கக் கூடாது, வெறும் மண்தான் என்பது முறை. அவள் ரைஸ் மில் திருப்பத்தில் போய்க் காத்திருந்தாள்.

இன்னாசி மாமா கையை உயர்த்தினார். மேளம் நின்றது. ஜனங்கள் என்னவோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"தாது வருசப் பஞ்சத்துல," என்று நிறுத்தி நிதானமாக ஆரம்பித்தார். குரல் கணீரென்று இருந்தது. என்னைத் தேடிப் பார்த்து, கேட்கிறதா என்று தலையை வேறு ஆட்டினார். "மாடு செத்து மனுசன் செத்து, மிச்சம் பொழச்ச வூட்டுக்காரங்க, மழ வந்ததும்..."

நின்றுவிட்டார்.

அவர் மறந்துவிட்டார் என்று கூட்டம் நினைத்தது. தனிஸ்லாஸ் பின்னாலிருந்து, "நேந்துகினு ப்பா, நேந்துகினு" என்று எடுத்துக் கொடுத்தான். இன்னாசி மாமா அவனைப் பார்க்கவில்லை. சப்பரத்தின் மேலே நிமிர்ந்து மாதாவைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த மனிதர் இப்போது கோபித்துக்கொண்டால் செல்வியின் கல்யாணம் அத்தோடு முடிந்தது.

"மழ வந்ததும் நேந்துகினு," என்று அவர் தொடர்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "சீமையிலேந்து எறக்கின தாயி இவ." மீதியைச் சொல்லவில்லை. குனிந்து தண்டுக்குத் தோள் கொடுத்தார். மற்றவர்களும் பார்த்துக் குனிந்தார்கள். சப்பரம் எழும்பியது. மேளக்காரர்கள் சற்றுத் தாமதமாகவே அடிக்க ஆரம்பித்தார்கள்.

வழி முழுவதும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓரமாக நடந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தண்டு தூக்குகிறவர் முகம் எப்போதும் அப்படித்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து, "புரிஞ்சிதா அவுருக்கு?" என்று கேட்டார். பேசாமல் வாருங்கள் என்றேன்.

ரைஸ் மில் திருப்பத்தில் சூரியன் நேர் எதிரே மேற்கில் இறங்கிக்கொண்டிருந்தது. சாதாரண மஞ்சள் சூரியன்தான். செல்வி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, சப்பரம் வருவதைப் பார்த்ததும் வழக்கம்போல மண்ணில் முழந்தாளிட்டாள். அவளுக்கு அங்கே நடந்தது எதுவும் தெரியாது. மதலேனாள் அத்தை தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கட்டை பிடிக்கிறவர்கள் முன்னால் ஓடித் தாங்கு கட்டைகளை நட்டார்கள். மேளம் நின்றது.

"எட்றா கட்டைய," என்றார் இன்னாசி மாமா.

கட்டை பிடித்தவனுக்குப் புரியவில்லை. "மாமா, இங்க நிக்கணுமே."

"எட்றான்னு சொல்றேன். நிக்காது. மோளத்த அடி."

கட்டையை எடுத்தார்கள். பின்தண்டுக்காரர்கள் நின்றுபோயிருந்தார்கள். முன்னால் இழுத்ததும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, என்னவோ திட்டிக்கொண்டே நடையைச் சரி செய்தார்கள். சப்பரம் ஒருமுறை ஆடியது. கூட்டத்தில் யாரோ "மாதாவே!" என்றார்கள். ஆனால் விழவில்லை. முன்தண்டு ஆடவே இல்லை. என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

செல்விக்கு எதிரே வந்தபோது இன்னாசி மாமா நடையைக் குறைக்கவில்லை. தண்டு அழுத்திய தோளோடு தலையை மட்டும் அவள் பக்கம் சாய்த்தார்.

"எழுந்துரும்மா. ஒங்க பாட்டன் மேல பாத்துட்டாரு, அவ்ளோதான்."

சப்பரம் திருப்பத்தைத் தாண்டிப் போயிற்று. செல்வி முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, அம்மாவைக் கைப்பிடித்து அதன் பின்னால் நடந்தாள்.